நேரியாவின் படகில் இரண்டாம் ஆள்

இந்தக் கதையில் வரும் பெயர்களை வேதத்தில் தேடிக் களைத்துப்போக வேண்டாம், இருக்காது. முதல் சீஷர்கள் வலையை விட்டுவிட்டுப் போதகரின் பின்னால் போனது ஊரறிந்த சங்கதி. அவர்கள் போனபின் கரையில் நின்றவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அதனால் நானே ஒரு கதை கட்டிவிட்டேன்.

கலிலேயாக் கடலோரத்தில் நேரியா என்றொரு கிழவர். அவருடைய ஒரே மகள் மில்க்காள் போன அறுப்புக் காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். மருமகன் அம்மியேல் மட்டும் அவரோடு தங்கிவிட்டான். பெண்ணே போய்விட்ட வீட்டில் மருமகனுக்கு என்ன வேலை என்று ஊரார் கேட்காமல் இல்லை. அவனுக்கு வேலை படகில் இருந்தது. ஒருவர் துடுப்புப் போட்டு வட்டமடிக்க, மற்றவர் இறக்கிக்கொண்டே வரவேண்டிய வலை அவர்களுடையது. தனியாளால் அதைப் போட முடியாது.

ஒருநாள் காலையில் இருவரும் வலையை அலசிக்கொண்டிருந்தபோது, போதகரோடு திரியும் மீனவர்களில் ஒருவன் வந்தான். போதகர் தூரத்தில் நின்றிருந்தார்.

“அம்மியேலு, போதகர் உன்னையக் கூப்பிடுறார். மீனைப் பிடிச்சது போதும், இனி மனுசங்களச் சேர்க்கணும்ங்கிறார். இப்பவே கிளம்புறோம்.”

கிழவரை அவன் கூப்பிடவில்லை.

அம்மியேலின் முகம் மலர்ந்தது. மாமனாரைப் பார்த்ததும் வாடியது. நேரியா தலை தூக்கவில்லை.

“போ மருமகனே. அசரியா நம்ம படகுக்கு வாரேன்னு சொல்லியிருக்கான்.”

அசரியா அடுத்த படகுக்காரன். ஏழு வருஷத்துக்கு முன் இரண்டு வலைகளும் சிக்கிக்கொண்டபோது, நேரியாவின் வலையைக் கத்தியால் அறுத்துவிட்டுப் போனவன். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

மாமனார் சொன்னது பொய் என்று அம்மியேலுக்குத் தெரியும். தெரிந்தும் கிளம்பினான். ஆனால் நேரே போதகரிடம் போகாமல் அசரியாவிடம் போனான்.

“அண்ணே, மாமாவுக்கு ஆளில்ல. நீங்க வருவீங்கன்னு சொல்லி என்னைய அனுப்புறார். அதைப் பொய்யாக்கிடாதீங்க.”

அதற்குள் போதகரின் கூட்டம் நடக்கத் தொடங்கிவிட்டது. அம்மியேல் திரும்பிப் பார்க்காமல் ஓடினான். பார்த்தால் கால் நகராது என்று பயந்தான்.

அன்றும் மறுநாளும் நேரியா கரையேற்றிய படகுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். கிழிசலே இல்லாத வலையில் கிழிசல் தேடினார். ஒருமுறை பழக்க தோஷத்தில் மருமகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, பதில் வராமல் தனக்குத்தானே வெட்கப்பட்டார். பாவம், பெரிதாக எதுவும் பேசத் தெரியாத மனிதர். பேசிய நாலு வார்த்தையைக் கேட்கவும் இப்போது ஆளில்லை.

மூன்றாம் நாள் அசரியா, தன் படகைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து நின்றான்.

“என்னை வரச் சொன்னீராமே?”

நேரியா “ஆமா” என்று சொல்லி, மருமகன் உட்காரும் பலகையில் கிடந்த வலையை அள்ளித் தன் மடியில் போட்டுக்கொண்டு இடம் விட்டார்.

நீங்களே சொல்லுங்கள். பொய் சொல்லி அனுப்பிய நேரியா, அது பொய்யென்று தெரிந்தும் போன அம்மியேல், பகையை விட்டு வந்த அசரியா. மனிதரைச் சேர்க்கும் அந்த வேலையை இவர்களில் யார் சரியாகச் செய்தது?

விடை: பலரும் அசரியா என்பார்கள். ஆனால் அவனை ஒருவன் வந்து கெஞ்சிக் கேட்டான். அம்மியேலையும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். நேரியாவை யாரும் எதற்கும் அழைக்கவில்லை. இருந்த ஒரே மனிதனையும் அனுப்பிவிட்டு, அவன் இடத்தைத் தன் வலையை அறுத்தவனுக்குக் கொடுத்தார். நான் அவர் கட்சி. அப்படியானால் அவருடைய தனிமை தீர்ந்திருக்குமே என்கிறீர்களா? கரையேறியதும் அசரியா தன் வீட்டுக்குப் போய்விடுவான். நேரியா தன் வீட்டுக்குப் போய் ஒருவருக்கு மட்டும் அப்பம் சுடுவார். சரியானதைச் செய்தால் தனிமை தீரும் என்று நான் எங்கே சொன்னேன்?