பார் வைக்க ஓர் இடம்

திண்டுக்கல் சாலையில் நீர் விளையாட்டுப் பூங்கா நடத்திய தனக்கோடிக்கு, அதற்குள்ளேயே பார் திறக்கும் ஆசை வந்தது. ரப்பர் வளையம் கொடுக்கும் செங்கமலம், “பிள்ளைங்க வர்ற இடமாச்சே” என்று முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. பார் திறப்பதை அறிவிக்க வரவழைத்திருந்த பத்திரிகைக்காரர்கள் முன்னால் அவளைக் கூப்பிட்டார்.

“நாலு பேர் ஓரமா உக்காந்து குடிச்சா பிள்ளைங்களுக்கு என்ன கெட்டுப்போகுது? நல்ல இடமா நீயே காட்டு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ.”

செங்கமலம் நிதானமாகப் பூங்காவைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு மதிலையொட்டி இருந்த அவருடைய பங்களாவைக் காட்டினாள்.

“உங்க முன்கூடம் நல்லா விசாலமா இருக்குங்க ஐயா.”

“என் பேத்தி விளையாடுற இடம் அது. குடிகாரப் பயலுகளை அங்கே விடுவேனா?” என்று சீறினார் தனக்கோடி.

மறுநாள் செய்தித்தாளில் அந்தப் பேச்சு அப்படியே வந்தது. பார் வரவில்லை. செங்கமலத்தை வேலையைவிட்டு அனுப்பவும் அவருக்கு முகமில்லை.