முதுகு காட்டாத ஓட்டம்

"டாக்டரம்மா, உடற்பயிற்சி அவனுக்கா, எனக்கா?" என்று குறைப்பட்டுக்கொண்டே இடுப்பைப் பிடித்தார் ஞானதிரவியம்.

ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். அவர் விசில் ஊதினால் பள்ளிக்கூடமே விறைத்து நிற்கும். பேரன் ஆல்வினிடம் மட்டும் விசில் பலிக்கவில்லை. ஒன்றரை வயதாகியும் இரு கைகளையும் தரையில் ஊன்றினால்தான் அவனால் உட்கார முடியும். கையை எடுத்தால் சாய்ந்துவிடுவான்.

ஷமீமா டாக்டர் அல்ல, பிசியோதெரபிஸ்ட். திருத்தித் திருத்தி அவளுக்கே அலுத்துவிட்டது. வயது மாஸ்டருடையதில் பாதிகூட இராது. தகப்பனுக்கே உபதேசம் செய்த பிள்ளைக்குக் கோயில் கட்டிய நாடு இது. ஆகவே அவருக்கு அவள் சொல்லிக்கொடுப்பதில் குற்றமில்லை.

"என்ன நடந்தது மாஸ்டர்?"

"நீங்க குடுத்த எவர்சில்வர் மூடிய எறியுதான். நான் ஓடிப்போய் எடுத்தாறேன். திரும்ப எறியுதான். காலையிலேருந்து இதே சோலி."

"சிரிக்கிறானா?"

"அதுக்கென்ன கொறச்சல்! தாத்தன் ஓடுதது அவனுக்கு சர்க்கஸ்."

"நல்லது."

"என்ன நல்லது? என் மக கேக்கது ஒண்ணே ஒண்ணு. வேலை முடிஞ்சு அவ வீட்டுக்குள்ள நுழையும்போது, பிள்ளை ரெண்டு கையையும் நீட்டி 'தூக்கு'ங்கணும். அவ்வளவுதான். தெனமும் வாசல்ல ஒரு நிமிஷம் நின்னு பாப்பா. பிறகு அவளே குனிஞ்சு தூக்கிக்கிடுவா. நான் டிரில் கேட்டா, நீங்க விளையாட்டுச் சொல்லித் தாரீங்க."

ஷமீமா மூடியை எடுத்து ஆல்வினுக்கு எதிரே வைத்தாள்.

"மாஸ்டர், பின்னோக்கி ஓடுவீங்களா?"

"ஜில்லாவுக்கே சொல்லிக் குடுத்தவன்கிட்ட கேக்கீங்களா!"

"அப்போ இந்தத் தடவை அவனுக்கு முதுகைக் காட்டாம ஓடுங்க."

புறமுதுகு காட்டுவது வீரனுக்கு இழுக்கு என்று படித்தவர்தான். ஒரு மூடிக்காக அது தமக்கு நினைவூட்டப்படும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஆல்வின் ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் மூடியை எறிந்தான். அது கணகணவென்று சுவரோரம் உருண்டது.

மாஸ்டர் பேரனைப் பார்த்தபடியே பின்னால் ஓடினார்.

பாதி வழியில் நின்றுவிட்டார்.

தரையில் கை இல்லை. எறிந்த கையும் இல்லை, ஊன்றிய கையும் இல்லை. இரண்டும் தலைக்குமேல் இருந்தன. தாத்தா ஓடும் அழகைப் பார்த்துப் பிள்ளை கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். லேசாக ஆடினான். சாயவில்லை.

"எப்பேர்ந்தும்மா இது?"

"நீங்க முதுகைக் காட்டி ஓட ஆரம்பிச்சதிலேர்ந்தே இருக்கும்."

மாஸ்டர் அவளை நோக்கிக் கைகூப்பினார்.

அவள் குழந்தையின் பக்கம் முகவாயை அசைத்தாள்.

அங்கே ஆல்வினுக்குப் பொறுமை போய்விட்டது. நின்றுபோன சர்க்கஸைப் பார்த்து, நீட்டிய கைகளை ஆட்டி, "ஆ!" என்று அதட்டினான்.

ஞானதிரவியம் குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றார்.

"எஸ் சார்!"

மூடியை எடுக்க ஓடினார்.