பேர் வெட்டிய அண்டா

தென்காசிப் பக்கம் உலகம்மாள் பாத்திரக்கடையில் பரமகுரு, இசக்கி, மாசானம் என்று மூன்று பேர் வேலைக்கு இருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்யும் தங்கமான ஆட்கள். உலகம்மாளுக்கு வாய்த்த கஷ்டமே அதுதான்.

கடையில் இரண்டு முறை திருட்டுப் போயிருந்தது. இன்னொரு முறை போனால் கடையை மூட வேண்டியதுதான் என்ற கவலையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. திருடன் கத்தியைக் காட்டினால் எதிர்க்க வேண்டாம், பொருளில் மட்டும் அடையாளம் இருக்கட்டும் என்று ஏட்டையா யோசனை சொன்னார். உடனே அவள், பேர் வெட்டாமல் ஒரு கரண்டிகூடக் கடையைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, சரக்கு எடுக்க மதுரைக்குப் போனாள்.

"யாரு பேர வெட்டணும்?" என்றான் இசக்கி.

"எடுத்துட்டுப் போறவங்க பேரத்தான். என்னைக்கு மாத்தி வெட்டிருக்கோம்?" என்றான் பரமகுரு.

மாசானம் வெகுநேரம் யோசித்தான். "அப்போ திருடன் வந்தாத்தான் வேலையை ஆரம்பிக்க முடியும்."

பேர் வெட்டும் மிஷினைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் திருடன் கத்தியோடு வந்தான். ஒருவரும் எதிர்க்கவில்லை. பித்தளை அண்டாவையும் ஆறு குடங்களையும் வாசல்வரை தூக்கிக்கூடக் கொடுத்தார்கள். வாசலில் பரமகுரு மறித்துக்கொண்டு பேரைக் கேட்டான். திருடன் கத்தியை ஓங்கினான்.

"கத்தி வேண்டாம்ணே, நம்மகிட்ட மிஷின் இருக்கு."

வேறு வழி தெரியாமல் அவன் வேலாண்டி, கீழத்தெரு என்று சொல்லிவிட்டான். அன்பளிப்பா, சொந்த உபயோகமா என்று மாசானம் விசாரித்தான். சொந்தம்தான் என்று முனகினான். ஏழு பாத்திரத்திலும் அழகாக வெட்டிக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலையிலேயே ஏட்டையா வேலாண்டியையும் பாத்திரங்களையும் கடைக்குக் கொண்டுவந்தார். போனில் கேட்ட உலகம்மாள் சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். நம் பாத்திரம்தானா என்று நன்றாகப் பார்த்து வாங்கச் சொன்னாள்.

மூவரும் நன்றாகப் பார்த்தார்கள்.

"இது நம்மளுது இல்லையே. வேலாண்டி அண்ணனோடதுல்லா" என்றான் இசக்கி.

ஏட்டையா தலையில் அடித்துக்கொண்டார். திருடியது நான்தான் என்று வேலாண்டியே கும்பிட்டுச் சொன்னான். பாவம், பயத்தில் உளறுகிறார் என்று மூவரும் முடிவு கட்டினார்கள். அடுத்தவர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது யார் என்றும் அவர்களுக்கு விளங்கிவிட்டது. ஏட்டையாவை உள்ளே வைத்து ஷட்டரை இறக்கினார்கள். வேலாண்டியை அண்டா குடங்களோடு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பிறகு பரமகுரு உலகம்மாளுக்குப் போன் போட்டான்.

"அக்கா, திருடனைக் கடைக்குள்ள பூட்டி வச்சிருக்கோம். ஆனா சட்டையில குத்தியிருக்கிற தகட்டுல ஏற்கெனவே பேர் வெட்டியிருக்கு. வெளிய விடலாமா?"