ஆஸிலோஸ்கோப் வாங்கப் போன நஞ்சப்பன்

பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருந்த நஞ்சப்பனுக்கு ஐம்பது வயதில் ஒரு குரு வாய்த்தாள். பெயர் ரஹீமா, அவரைவிட இருபது வயது சின்னவள். சர்க்யூட் போர்டு செய்யக் கற்றுக்கொடுத்தாள். சீடருக்குத் தலை நரைத்திருந்ததே தவிர ஆசை நரைக்கவில்லை.

பம்ப் மோட்டாரைத் தானாகப் போட்டு அணைக்கும் போர்டு ஒன்றை அவர் செய்திருந்தார். அதைப் பார்க்க ஒரு பம்ப் கம்பெனிக்காரர் அன்று மாலை வருவதாக இருந்தது. போர்டோ, மோட்டாரைப் போடும் குட்டி ஸ்விட்சான ரிலே 'டிக்' என்றதும் மயங்கி விழுந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

"அம்மணி, எந்த ஆஸிலோஸ்கோப் வாங்கட்டும்? இருக்கறதுலயே பெருசாச் சொல்லுங்க. லேத்தை வெலைக்குக் கேட்டு வாசல்ல ஆள் நிக்கறான்" என்று ரஹீமாவிடம் கேட்டார்.

அந்த லேத்துத்தான் அவர் வீட்டு உலையைக் கொதிக்க வைத்தது. கொடுக்க மனசே இல்லை. ஆனாலும், கரண்டின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டும் அந்த மெஷினுக்காகத் துணிந்துவிட்டார்.

"ஸ்கோப்புல எதைப் பார்க்கப் போறீங்ணா?"

"எல்லாத்தையும்."

"எல்லாத்தையும் காட்டற மெஷின் இன்னும் வரலீங்ணா. ஏதாவது ஒன்னு சொல்லுங்க."

நஞ்சப்பன் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரிலே இழுக்கும்போது சிப்புக்குப் போற கரண்டு குறையுதான்னு பார்க்கணும்."

ரஹீமா கைப்பையிலிருந்து செல்போனுக்குப் போடும் பவர் பேங்கை எடுத்தாள். போர்டுக்கு மூளையான சிப்புக்கு மட்டும் அதிலிருந்து தனி வயர் கொடுத்தாள். ரிலேயைப் பழைய வயரிலேயே விட்டாள்.

"இப்பப் போடுங்க."

ரிலே டிக் என்றது. மோட்டார் ஓடியது. போர்டு மயங்கவில்லை.

நஞ்சப்பன் பழைய வயரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரே மோட்டாரில் பெல்ட் மாட்டி இரண்டு மெஷின் ஓட்டிப் பழகிய கை அல்லவா? அதே கணக்கில், ஒரே மெல்லிய வயரில் ரிலேயையும் சிப்பையும் ஓட்டியிருந்தார்.

"ஒரு மெஷின்ல ஆழமா வெட்டுனா பக்கத்து மெஷின் மொணங்குமுங்க" என்றார் மெதுவாக. "அந்தக் கூத்துத்தான் இங்கயும்."

பவர் பேங்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பவர் சப்ளையிலிருந்து ரிலேக்குத் தடித்த வயரும் சிப்புக்கு வேறு வயரும் இழுத்துப் பற்றவைத்தார். ஸ்விட்சைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். போர்டு அசைந்து கொடுக்கவில்லை. லேத்துக்கு வந்தவனை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

மாலையில் கம்பெனிக்காரர் தன் கையாலேயே விரல் வலிக்கப் போட்டுப் போட்டு அணைத்தார். கடைசியில், "உங்க போர்டையே வெச்சுக்கறோமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நஞ்சப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை சந்தோஷத்தை அந்தப் பட்டறை கண்டதில்லை.

ஆசை மட்டும் இன்னும் மிச்சமிருந்தது.

"அப்போ ஸ்கோப்பு வேண்டவே வேண்டாமுங்களா?"

"வேணுமுங்ணா. அது இல்லாம பதில் கெடைக்காத கேள்வி ஒன்னோட வாங்க. அன்னிக்கு நானே கடைக்குக் கூட வர்றேன்."