இன்பராணி சொன்ன ஒரு வரி

கஜேந்தினியின் ஆவணப்படம் பாரிசில் ஒரு திரைப்பட விழாவுக்குத் தேர்வாகியிருந்தது. முன்னாள் பெண் போராளிகள் ஐந்து பேரைப் பற்றிய படம். அதை எடுத்துக்கொண்டு தன் ஆசிரியை பத்மலோசினியிடம் போனாள். பத்மலோசினி முப்பது வருடம் படம் எடுத்தவர். அதிகம் பேசமாட்டார்.

"இன்பராணி அக்கா ஒரு வரியை வெட்டச் சொல்லுறா ரீச்சர்."

"என்ன வரி?"

"இயக்கத்தில இருக்கேக்க ஊர்ப் பெடியன் ஒருத்தனைச் சுட்டது தான்தான் எண்டு கமராவுக்கு முன்னால சொன்னவ. காட்டிக்குடுத்தவன் எண்டு சொல்லிச் சுட்டதாம். படத்தில போடலாம் எண்டு கையெழுத்தும் வைச்சுத் தந்தவ. இப்ப பயப்பிடுறா."

"ஆருக்கு?"

"அவன்ர தாய்க்கு. ஆர் சுட்டது எண்டு அந்த மனுசிக்கு இண்டைக்கும் தெரியாது."

பத்மலோசினி மேசையில் திறந்திருந்த லப்டொப்பை மூடினார்.

"அந்த வரி இல்லாட்டிப் படத்தில ஒண்டுமே இல்லை ரீச்சர். அதோட, பெத்த தாய்க்கு உண்மை தெரியத்தானே வேணும்?"

"வேணும். லப்டொப்பை எடு, போவம்."

இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனார்கள். இன்பராணியின் வளவுக்குள் நுழைந்தபோது அவள் கிணற்றடியில் நின்றாள். சுற்றுவட்டாரத்தில் உப்பில்லாத கிணறு அது ஒன்றுதான். பொய்க்காலை ஊன்றித் தண்ணீர் அள்ளி, பக்கத்தில் நின்ற வயதான பெண்ணின் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"காணும் பிள்ளை, என்னால தூக்க ஏலாது."

"நீங்கள் நடவுங்கோ அம்மா. நான் கொண்டுவந்து தாறன்."

"என்ர பெடியனைச் சுடாம விட்டிருந்தா உனக்கு இந்தக் கரைச்சல் இல்லை," என்றாள் அந்தப் பெண்.

செத்தவனின் தாய் அவள்தான் என்று கஜேந்தினிக்கு விளங்கியது.

இன்பராணி திரும்பி இவர்களைக் கண்டாள். கையிலிருந்த வாளியை மெதுவாகக் கீழே வைத்தாள். கஜேந்தினியின் தோளில் தொங்கிய லப்டொப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போ," என்றார் பத்மலோசினி, தாழ்ந்த குரலில். "அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டு."

"ஆருக்கு ரீச்சர்?"

"தாய்க்கு. உண்மை தெரிய வேணும் எண்டு சொன்னனி."

கஜேந்தினி இரண்டடி வைத்தாள். தாய் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"ஆர் பிள்ளையள்? தூரத்தில இருந்தோ? தண்ணி குடியுங்கோ, நல்ல தண்ணி."

கஜேந்தினி திரும்பி வந்தாள்.

"என்னால ஏலாது ரீச்சர்."

"அப்ப பாரிசில ஆருக்குச் சொல்லப்போறாய்?"