கொக்கு போட்ட வழக்கு

தாழங்குளத்துக் கொக்குக்கு இருந்தது கொஞ்சநஞ்சப் பொறாமை இல்லை. நீர்க்கோழியை யாராவது "செயலாளரம்மா!" என்று கூப்பிட்டால் போதும், அதற்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும்.

அந்தக் குளத்தில் குஞ்சுகளுக்கு மீன்பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதை நடத்தியது ஒரு கல்விச் சங்கம். கோடையில் சங்கத்தின் பொதுக்குழு கூடியது. கொக்கைப் புதிய உறுப்பினராகச் சேர்த்தது. நீர்க்கோழியைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தது. பள்ளிக்குக் கோரைப்புல் கூரை போட்டதற்காக நீர்க்கோழியைப் பாராட்டி ஒரு தீர்மானமும் போட்டது.

"சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தவள்! என் முழங்கால் உயரம்கூட இல்லை! அவளுக்குப் பதவியா?" கொக்குக்குத் தொண்டையில் மீன் இறங்கவில்லை.

எங்கே ஓட்டை என்று தேடியது. கிடைத்தது! கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே எல்லா உறுப்பினருக்கும் நோட்டீஸ் போக வேண்டும் என்பது விதி. தவளையோ அப்போது மண்ணுக்குள் கோடைத் தூக்கத்தில் இருந்தது. நோட்டீஸை மண்மேல் வைத்துவிட்டு வந்துவிட்டார்கள்! மழை பெய்து எழுந்த தவளையே, "போனால் போகட்டும், விடுங்கப்பா" என்றது. கொக்கு விடுமா? வக்கீல் ஓணானைப் பிடித்து வழக்குப் போட்டுவிட்டது.

நீதிபதி எருமை. எதையும் நன்றாக அசைபோட்டுத்தான் பேசும்.

"நோட்டீஸ் போகாதது தப்புதான் ஐயா. மறுபடி தேர்தல் வைக்கட்டும், நான் நிற்கிறேன்" என்றது நீர்க்கோழி.

எருமை கொக்கைப் பார்த்தது. "செயலாளர் தேர்தலை மட்டும் ரத்து செய்தால் போதும்தானே?"

"போதும் ஐயா!" என்றது ஓணான்.

"போதாது!" என்று கத்தியது கொக்கு. "அவளைப் பாராட்டி எழுதியிருக்கிறார்களே, அது மட்டும் இருக்கலாமா? அந்தக் கூட்டமே செல்லாது! அதில் போட்ட தீர்மானம் ஒன்றுகூட இருக்கக் கூடாது!"

"சார், சும்மா இருங்க சார்!" ஓணான் கொக்கின் இறக்கையைப் பிடித்து இழுத்தது.

"நீ வாயை மூடு! ஃபீஸ் நானா கொடுக்கிறேன், அவளா?"

எருமை வெகுநேரம் அசைபோட்டது. பிறகு சொன்னது: "கேட்டபடியே தீர்ப்பு. கூட்டம் செல்லாது. எல்லாத் தீர்மானமும் ரத்து. முறையாக நோட்டீஸ் கொடுத்துப் புதுத் தேர்தல் நடத்துங்கள்."

கொக்கு குதித்த குதி இருக்கிறதே! அன்றைக்கே ஊரெல்லாம் ஓட்டுக் கேட்டது. வேட்புமனுவோடு போனபோது, தேர்தல் நடத்திய ஆமை பட்டியலைப் புரட்டிப் பார்த்தது.

"உங்கள் பெயர் இல்லையே அண்ணே!"

"ஏன் இல்லை? கோடையில்தானே என்னை உறுப்பினராகச் சேர்த்தார்கள்?"

"அந்தக் கூட்டம்தான் செல்லாது என்று ஜெயித்துவிட்டீர்களே!"

கொக்கு வேட்புமனுவை அலகில் கவ்விக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தது.

தேர்தலில் நீர்க்கோழியை எதிர்த்து நிற்க ஆளில்லை. தவளைதான் முதல் ஆளாகக் கை தூக்கியது. மறுநாள் கொக்கு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு புது விண்ணப்பத்தோடு வந்தது.

"கொடுங்க அண்ணே, அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன்" என்றது நீர்க்கோழி. "ஆனால் பத்து நாள் நோட்டீஸ் கொடுக்கணும். பொறுத்துக்குங்க!"

அடுத்தவருக்குக் கிடைத்த ஒரு நல்ல சொல்லைக்கூடப் பொறுக்க முடியாதவர், அதை அழிக்கப் போய்த் தம் பெயரையே அழித்துக்கொள்வார்.