மடிப்புக் கலையாத சேலைகள்

பெண்பிள்ளை கண் கலங்கி நிற்கிற நேரம் பார்த்துச் சேலை மூட்டையை அவிழ்ப்பீரே, நீரெல்லாம் ஒரு வியாபாரியா? தவணைச் சேலைக்காரரே, உம்மைத்தான் கேட்கிறேன்!

கோவில்பட்டியில் மாவு அரைத்து விற்கும் பேச்சியம்மாள், புருஷனோடு சண்டை என்றால் ஒரு சேலை, மாமியார் ஏசினால் ஒரு சேலை என்று இவரிடம் கடனை ஏற்றி வைத்திருந்தாள். அன்று தெருவே வேடிக்கை பார்க்க, அவள் பிழைப்புக்கு இருந்த ஒரே கிரைண்டரில் கை வைத்துவிட்டார்.

"மொத்தக் கடனையும் இப்பவே வை. இல்லேன்னா இதைத் தூக்கிட்டுப் போயிருவேன்!"

"அண்ணாச்சி, பிடிக்கலேன்னா மடிப்புக் கலையாம எப்ப வேணாலும் கொண்டா, முழு விலைக்கும் எடுத்துக்கிறேன்னு விக்கும்போதெல்லாம் சொன்னீங்களே?"

"ஆமா, சொன்னேன். வாக்கு மாற மாட்டேன். ஆனா நீ கட்டிக் கிழிச்சதை எவன் எடுப்பான்?" என்று சிரித்தார்.

பேச்சியம்மாள் பரணிலிருந்து ஒரு சாக்கை இழுத்துக் கவிழ்த்தாள். கொட்டிய சேலைகளைத் தெரு எட்டிப் பார்த்தது. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"அழுகையில வாங்கினது அண்ணாச்சி, கட்டவே மனசு வரல. இனி அழுகை வந்தா அழுதே தீர்த்துக்கிறேன். கடன் முடிஞ்சுது. இதுவரைக்கும் நான் கட்டின தவணைப் பணத்தைத் திருப்பிக் குடுங்க!"

அவருக்குத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

வாயை மூடும் ஐயா! ஊரறியச் சொன்ன வாக்கு அது. பையைத் திறந்து அவள் பணத்தை அவள் கையில் வையும்!